வீடும் மஹல்லாவும்
சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் – ஒரு பார்வை

மனிதன் உறையும் இடத்துக்குத் தமிழில் பெயர்கள் பல. இல், இல்லம், மனை, அகம், குடில், வீடு என அவை விரியும். 'இல்' என்பதினின்று இல்லறமும் இல்லாளும், 'மனை' என்பதினின்று மனைவியும், 'குடி' என்பதினின்று குடும்பமும் குடிமையும் தோன்றியமை தமிழ் மாணவர் அறிந்ததே. உறைவிடத்தைச் சுவரும் கூரையுமாக மட்டும் நம் முன்னோர் எண்ணவில்லை. உறைபவரையும் உடன் சேர்த்தே எண்ணினர் என்பது இச்சொற்களால் புலனாகும். 'வீடு' என்பதோ 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. சுமையை விட்டு, நடையை விட்டுத் தங்கும் இடம் வீடாயிற்று. நம் சமுதாயத்தார் நாள்தோறும் வழங்கும் 'மஹல்லா' என்னும் அரபுச் சொல்லின் வேரும் அவிழ்த்தல், இறங்கித் தங்குதல் ஆகிய பொருள்களை உடையது. பயணி தன் மூட்டையை அவிழ்த்த இடமே மஹல்லா. இரு மொழிகளும் தனித்தனியே நடந்து ஒரே திண்ணையில் வந்து அமர்ந்தமை வியப்புக்குரியது.

துறையின் சிறப்பு மலரில் வீடமைப்புப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். தமிழக முஸ்லிம்களின் வாழ்வு மஹல்லாவைச் சார்ந்தது. திருமணப் பதிவேடு அங்கே இருக்கிறது. ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கு அங்கே இருக்கிறது. பிள்ளைகள் ஓதும் மதரஸா அங்கே நடக்கிறது. ஏழைக் குமரின் திருமணத்துக்குக் கைகொடுப்பதும், பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்ப்பதும் அங்கேதான். ஒரு பள்ளிவாசலைச் சுற்றி நடந்து செல்லும் தொலைவுக்குள் வீடுகள் இருப்பதனாலேயே இவையெல்லாம் இயலுகின்றன. அவ்வீடுகளை அரசு அகற்றி, மக்களை அடுக்குமாடிகளில் புதிதாகக் குடியமர்த்துமானால் மஹல்லா என்னவாகும்? இவ்வினாவுக்கு ஏட்டளவில் அன்றி, மண்ணில் விடை கண்ட நாடு சிங்கப்பூர். கடையநல்லூர், தென்காசி, நாகூர், கூத்தாநல்லூர் முதலிய நம் ஊர்களின் உறவினர் பலர் வாழும் நாடும் அதுவே. ஆதலின் அந்நாட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பணியை, மலிவான வீடு என்ற ஒரு கண்ணாலும் சமுதாய வாழ்வு என்ற மறு கண்ணாலும் நோக்குவது நமக்குப் பயன் தரும்.

கழகத்தின் தோற்றம்

சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்களின் சுவடு பழைமையானது. ஆங்கிலேயர் 1819இல் அங்கே வணிகத் தளம் அமைத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வணிகர்கள் 'சூலியர்' என்னும் பெயருடன் குடியேறினர். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் தோன்றியது. தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828ஆம் ஆண்டு தொடங்கி 1830 அளவில் கட்டப்பட்டது. இவற்றைச் சூழ்ந்து கடைகளும் கிட்டங்கிகளும் நெருங்கின. பிற்காலத்தில் துறைமுக வேலைக்கெனக் கடையநல்லூராரும் தென்காசியாரும் மிகுதியாகச் சென்றனர். தனி ஆடவராகச் சென்று பொருளீட்டித் திரும்புவதே அந்நாளைய வழக்கமாயிருக்க, இவர்கள் மனைவி மக்களுடன் குடியேறித் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நிலைத்தனர். அங்கே அவர்கள் சங்கம் கண்டனர். 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியும் கண்டனர். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரால் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி என அது வழங்கப்பெற்றது. இப்பள்ளியைப் பற்றிப் பின்னரும் கூற வேண்டியுள்ளது.

அக்கால நகரின் வீட்டு நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. நகர நடுவிலுள்ள கடைவீடுகளில் ஓர் அறையைப் பலகைகளால் தடுத்துப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. நகருக்குப் புறத்தே அத்தாப்பு ஓலையும் மரப்பலகையும் துத்தநாகத் தகடும் கொண்டு கட்டிய குடிசைப் பகுதிகள் பரவின. 1927இல் ஆங்கிலேயர் அமைத்த சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட் முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000 மட்டுமே. தன்னாட்சி பெற்ற அரசு 1960 பிப்ரவரி முதல் நாளில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான் என்னும் தொழிலதிபர். அப்போது பொது வீடுகளில் வாழ்ந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேரே.

கழகம் தோன்றி ஓராண்டு கடந்த நிலையில் பெருந்தீ ஒன்று அதனைச் சோதித்தது. 1961 மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை அன்று, புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதியில் தீ மூண்டது. நால்வர் மாண்டனர், ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சீன ஏழைகள். அரசு அந்நிலத்தைக் கையகப்படுத்தியது. ஓராண்டுக்குள் எரிந்த இடத்திலேயே முதல் அடுக்குவீடுகள் எழுந்தன. அவை ஓரறை கொண்ட, வசதி குறைந்த அவசர வீடுகளே. எனினும் தீப்பற்றாத சுவரும், குழாய்த் தண்ணீரும், மின்விளக்கும், கழிப்பறையும் அவற்றில் இருந்தன. 1965ஆம் ஆண்டுக்குள், அதாவது முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே, கழகம் 50,000 வீடுகளுக்கு மேல் கட்டி முடித்தது. முந்தைய அமைப்பு முப்பத்திரண்டு ஆண்டுகளில் செய்ததைவிட இது இரு மடங்குக்கும் மிகுதி.

மலிவு எவ்வாறு இயன்றது?

இவ்வளவு வீடுகளை ஏழைகளும் வாங்கும் விலையில் ஓர் அரசு எவ்வாறு தர முடிந்தது? நிலம், சேமிப்பு, மானியம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையே காரணம்.

நிலமே அடிப்படை. 1966இல் இயற்றப்பட்ட நிலம் கையகப்படுத்தும் சட்டம் பொதுப்பணிக்கு வேண்டிய எந்த நிலத்தையும் எடுக்கும் உரிமையை அரசுக்குத் தந்தது. 1973இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் நிலவிய விலையையோ, கையகப்படுத்தும் அறிவிப்பு நாளின் விலையையோ, எது குறைவோ அதை மட்டும் இழப்பீடாகத் தந்தால் போதும் என்பது அத்திருத்தம். சாலையும் குடிநீரும் வந்ததால் ஏறிய விலை, சாலையும் குடிநீரும் தந்த பொதுமக்களுக்கே உரியது என்பது அரசின் வாதம். நில உடைமையாளர் இதனால் பெரிதும் இழந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. பிற்காலத்தில் இழப்பீட்டு அடிப்படை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2007 முதல் சந்தை விலையே வழங்கப்படுகிறது. ஆயினும் புதுநகரங்கள் பெரும்பாலும் எழுந்து முடிந்தது அந்தக் குறைந்த விலைக் காலத்தில்தான். இதனை உணராமல், 'சிங்கப்பூரைப் பாருங்கள்' என மேடையில் முழங்குவதில் பொருளில்லை. நில விலையைத் தொடாமல் வீட்டு விலையைக் குறைக்க எவராலும் இயலாது.

அடுத்தது சேமிப்பு. தொழிலாளரின் முதுமைக்கென 1955இல் மத்திய சேம நிதி தொடங்கப்பட்டது. தொழிலாளி ஊதியத்தில் நூற்றுக்கு ஐந்தும் முதலாளி பங்காக ஐந்தும் அதிற் சேர்ந்தன. பின்னர் இவ்வீதம் பன்மடங்கு உயர்ந்து, இன்று 55 வயதுக்குட்பட்டோருக்கு இரு பங்கும் சேர்த்து நூற்றுக்கு 37 ஆக உள்ளது. 1964இல் கழகம் வாடகை வீடுகளோடு நில்லாமல் சொந்த வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் வாங்குவோர் குறைவு. முன்பணத்துக்கு ஏழையிடம் ஏது கைப்பொருள்? 1968இல் சேம நிதியிலிருந்தே முன்பணத்தையும் மாதத் தவணையையும் செலுத்தலாம் என விதி தளர்ந்தது. அன்று தொடங்கிச் சொந்த வீட்டுத் திட்டம் விரைந்து வளர்ந்தது. மாதச் சம்பளம் கைக்கு வருமுன்னரே தவணை சென்றுவிடுவதால் குடும்பச் செலவில் இடர் குறைந்தது. ஆனால் முதுமைக்கு வைத்த பணம் சுவராக மாறிவிட்டது என்னும் குறையும் உண்டு; வயது முதிர்ந்தபின் வீடு பெரிதாகவும் கையிருப்புச் சிறிதாகவும் உடையோர் அங்கே இருக்கின்றனர்.

மானியத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். கழகம் புது வீடுகளைச் சந்தை விலைக்குக் குறைவாக விற்கிறது. அதனால் ஆண்டுதோறும் ஏற்படும் பற்றாக்குறையை அரசு ஈடு செய்கிறது. முதன்முறை வீடு வாங்கும் குறைந்த வருவாய்க் குடும்பத்துக்கு 2024 முதல் 1,20,000 வெள்ளி வரை தனி மானியம் கிடைக்கிறது. வெள்ளி என்பது அங்குள்ள தமிழர் டாலருக்கு வழங்கும் பெயர். வாங்கவே இயலாதோர்க்கு ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் உள்ளன. மிகக் குறைந்த வருவாயினருக்கு அவற்றின் மாத வாடகை முப்பது வெள்ளிக்கும் குறைவில் தொடங்குகிறது.

'சொந்த வீடு' என்னும் தொடரிலும் ஒரு நுட்பம் உண்டு. விற்கப்படுவது 99 ஆண்டுக் குத்தகை உரிமையே. அக்காலம் முடிந்தால் வீடு அரசைச் சேரும். நம் நாட்டில் பாட்டன் வீடு பேரனுக்கு வருவதுபோல் அது தலைமுறை தலைமுறையாகத் தொடராது. எழுபதுகளில் தொடங்கிய குத்தகைகள் பாதியைக் கடந்துவிட்டமையால் இன்று இது அங்கே கவலையோடு பேசப்படுகிறது. மறுபுறம், நல்ல இடத்திலுள்ள சில கழக வீடுகள் மறுவிற்பனையில் பத்து இலட்சம் வெள்ளிக்கு மேல் போகின்றன. மலிவுக்கெனக் கட்டிய வீடு மலிவாகவே நிலைப்பது எளிதன்று. கழகம் தரும் கடனுக்கு வட்டி உண்டு என்பதையும் நம் வாசகர்கள் கவனித்திருப்பர். அதன் மார்க்க நிலையைக் கூறுவது ஆலிம்களின் பொறுப்பு. தமிழ் ஆசிரியரின் எழுதுகோலுக்கு அது உரியதன்று.

வெற்றிடத்தின் பயன்

வீடுகளை எண்ணிக் காட்டுவது எளிது. வீடுகளுக்கு இடையே விட்ட இடத்தை எண்ணிக் காட்டுவார் இலர். நாம் பெரிதும் மதிப்பது அதனையே.

கழகம் தொடக்கம் முதல் இறுதிவரை தானே திட்டமிட்ட முதல் புதுநகரம் தோ பாயோ. அதன்பின் எழுந்த நகரங்களில் ஓர் ஒழுங்கு படிந்தது. சில நூறு வீடுகள் சேர்ந்து ஒரு வளாகம். பல வளாகங்கள் சேர்ந்து நாலாயிரம் முதல் ஆறாயிரம் வீடுகள் வரை கொண்ட ஒரு வட்டாரம். பல வட்டாரங்கள் சேர்ந்து ஒரு நகரம். வட்டாரத்துக்கு ஒரு சந்தை, உணவங்காடி, தொடக்கப்பள்ளி. நகரத்துக்கு நூலகம், மருந்தகம், பேருந்து நிலையம், விளையாட்டரங்கு. இவற்றுக்கான மனைகள் வரைபடத்திலேயே ஒதுக்கப்பட்டன. வீட்டைக் கட்டி மக்களைக் குடியேற்றிய பின்னர்ப் பள்ளிக்கூடத்துக்கு இடம் தேடுவது அங்கே வழக்கமன்று.

எழுபதுகள் தொடங்கி அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் தூண்களுக்கு நடுவே வெறுமையாக விட்டனர். 'வாய்ட் டெக்' என்பது அதன் பெயர். நம் ஊர் திண்ணையைப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் கீழ் விரித்தாற்போன்றது எனலாம். மழையிலும் வெயிலிலும் அங்கே பிள்ளைகள் விளையாடுவர்; முதியோர் சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்திருப்பர். மலாய்க்காரரின் திருமணம் அங்கே நடக்கும். விருந்துக்கான நெய்ச்சோற்றின் மணம் மேல்மாடி வரை ஏறும். சில நாள் கழித்து அதே இடத்தில் சீனக் குடும்பம் ஒன்று தன் இறந்தாரைக் கிடத்தி நீத்தார் சடங்கு செய்யும். பாலர் பள்ளி, குழந்தைக் காப்பகம், முதியோர் பகல் பராமரிப்பு, குடும்பச் சேவை நிலையம் எனப் பல தொண்டுகள் பின்னர் அத்தளத்தின் பகுதிகளில் இடம் பெற்றன. தொண்டு நிறுவனங்களுக்குப் பெருஞ்சுமை வாடகைதான். அச்சுமையைக் கழகம் குறைத்துத் தந்தபோது அத்தொண்டே மக்களின் வாசலுக்கு இறங்கி வந்தது. இவற்றைப் பேணும் பொறுப்பு எண்பதுகளின் இறுதியில் நகர மன்றங்களுக்கு மாறியது. அண்டை வீட்டாரை ஒன்றுகூட்டும் வசிப்போர் குழுக்கள் 1978இலேயே தோன்றியிருந்தன.

ஐம்பது காசுப் பள்ளிவாசல்கள்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சிற்றூர்கள் அகற்றப்பட்டபோது அங்கிருந்த சிறு பள்ளிகளும், மலாய்க்காரர் 'சூராவ்' என வழங்கும் தொழுமிடங்களும் உடன் மறைந்தன. பழைய பெரிய பள்ளிவாசல்கள் நகர நடுவில் நின்றன. மக்களோ புதுநகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். பள்ளியிருக்கும் இடத்தில் மக்கள் இல்லை; மக்கள் இருக்கும் இடத்தில் பள்ளி இல்லை.

இதற்குக் கண்ட தீர்வு எளியது, ஆனால் உறுதியானது. இஸ்லாமிய விவகாரங்களைக் கவனிக்க 1968 முதல் இயங்கிவரும் முயிஸ் என்னும் சட்டமுறை அமைப்பின் பொறுப்பில் 1975இல் பள்ளிவாசல் கட்டுமான நிதி தொடங்கப்பட்டது. வேலை செய்யும் முஸ்லிம் ஒவ்வொருவரின் ஊதியத்திலிருந்தும் மாதம் ஐம்பது காசு, சேம நிதி பிடித்தத்தோடு சேர்த்தே பெறப்பட்டது. விரும்பாதார் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். கழகம் புதுநகர வரைபடத்தில் பள்ளிவாசலுக்கு மனை ஒதுக்கியது. கட்டும் செலவைச் சமுதாயம் ஏற்றது. இடம் கண்டது அரசு. இல்லம் கண்டது சமுதாயம்.

இந்நிதியால் எழுந்த முதல் பள்ளிவாசல் 1977இல் தோ பாயோவில் திறக்கப்பட்டது. அதன் பெயர் முஹாஜிரீன். எண்பதுகளின் தொடக்கத்தில் பெடோக் புதுநகரில் எழுந்த பள்ளியின் பெயர் அல் அன்சார். பெருமானார் (ஸல்) அவர்களுடன் மக்காவைத் துறந்து மதீனா சென்றோர் முஹாஜிர்கள். வந்தோரைத் தம் வீட்டிலும் தோட்டத்திலும் பங்கு தந்து ஏற்ற மதீனத்தார் அன்சாரிகள். ஒருவர்க்கு ஒருவரைச் சகோதரராக்கிப் புதியதொரு குடியிருப்பு அமைந்த அவ்வரலாற்றை, சிற்றூரை விட்டு அடுக்குமாடிக்கு வந்த மக்கள் தம் பள்ளிகளின் பெயரால் நினைந்தனர் போலும். பெயரிட்டோரின் உள்ளம் அதுவே என அறுதியிட்டு உரைக்க நாம் முற்படவில்லை; அப்பெயர்களைக் கேட்கும் எவருக்கும் அந்நினைவு எழாமலிராது.

இவ்வழியே இன்றுவரை இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் புதுநகரங்களில் எழுந்துள்ளன. உட்லண்ட்ஸ் நகரில் 2017இல் திறக்கப்பட்ட பள்ளி, நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் யூசோப் இஷாக்கின் பெயரைத் தாங்கியுள்ளது. இவை தொழுகைக் கூடங்களாக மட்டும் அமையவில்லை. வகுப்பறை, பாலர் பள்ளி, கருத்தரங்கக் கூடம், மகளிர்க்கான தனியிடம், ஏழையர் உதவிப் பணி ஆகியவற்றோடு திட்டமிட்டே கட்டப்பட்டன. 1982இல் தோன்றிய மெண்டாக்கி என்னும் கல்வி அமைப்புக்கும் பின்னர் இந்நிதியின் ஒரு பங்கு செல்லலாயிற்று. வாடகை வீட்டிலிருந்த கூலித் தொழிலாளியும் ஐம்பது காசு தந்தார். மருத்துவரும் பொறியாளரும் தந்தனர். பெருஞ்செல்வர் ஒருவரின் பெயர்ப்பலகைக்குக் காத்திராமல் பள்ளி எழுந்தது. நம் ஊர்களில் பள்ளிவாசல் மனாராவின் உயரம் குறித்து நடைபெறும் போட்டியை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

கலத்தலும் கலைதலும்

ஆதாயத்தை மட்டும் கூறி அமைதல் நேர்மையாகாது. 1964 ஜூலை 21 அன்று மீலாது விழா ஊர்வலத்தின்போது மூண்ட மலாய் – சீனக் கலவரத்தில் உயிர்கள் பல அழிந்தன. அவ்வடுவை மறவாத அரசு, ஓரினத்தார் ஓரிடத்தில் மட்டும் குவிவதை அஞ்சியது. எண்பதுகளின் இறுதியில் சில வட்டாரங்களில் அத்தகைய குவிதல் மீண்டும் தலைகாட்டவே, 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒரு கட்டடத்தில் சீனர் நூற்றுக்கு 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 13 என்னும் அளவுக்கு மேல் வீடு வாங்க இயலாது. வட்டார அளவில் இவ்வரம்புகள் முறையே 84, 22, 10. இந்தியர்க்கான வரம்பு 2010இல் கட்டடத்துக்கு 15 ஆகவும் வட்டாரத்துக்கு 12 ஆகவும் உயர்த்தப்பட்டது.

இதன் நன்மை கண்கூடு. சீனரின் வாசலுக்கு எதிரே மலாய்க்காரர், அவருக்கு அடுத்து தமிழர் என ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் வாழ்வு அங்கே இயல்பாகிவிட்டது. மாநகரங்களில் முஸ்லிம் என அறிந்ததும் வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதைக் காணும் நமக்கு, கழக வீட்டை வாங்க எவ்வட்டாரத்திலும் சட்டப்படி ஒரு பங்கு உண்டு என்பது சிறிய செய்தியன்று.

ஆனால் சுமை சமமாக விழவில்லை. ஒரு கட்டடத்தில் சீனர் வரம்பு நிறைந்திருந்தால், அங்குள்ள தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் தொகை சுருங்குவதால் விலையும் குறைகிறது, விற்பனையும் தாமதமாகிறது. இம்முறையீடு பல்லாண்டு எழுந்த பின்னரே, நீண்ட காலம் முயன்றும் விற்க இயலாதோரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. தமிழ் முஸ்லிம்களின் நிலை இன்னும் நுட்பமானது. சமயத்தால் அவர்கள் மலாய்க்காரரோடு ஒரே ஸஃப்பில் நிற்பவர். அரசின் கணக்கிலோ இந்தியர் வரிசையில் எண்ணப்படுபவர். புதுநகரப் பள்ளிகளில் குத்பாவின் மொழி பெரும்பாலும் மலாய். அதனால் தமிழில் குத்பா கேட்க விரும்புவோர் ஜாமிஆ சூலியா, டன்லப் தெருவின் அப்துல் கபூர் பள்ளி போன்ற பழைய பள்ளிகளை நாடி நகர நடுவுக்கு வருகின்றனர். தொழுகைக்குப் பள்ளி கிடைத்தது வீட்டருகே; மொழிக்குப் பள்ளி தொலைவில் நின்றுவிட்டது.

உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியின் வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தஞ்சோங் பகாரில் நடந்து செல்லும் தொலைவில் குடும்பங்கள் நெருங்கியிருந்தவரை அப்பள்ளிக்குப் பிள்ளைகள் இருந்தனர். அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. பின்னர்க் குடும்பங்கள் தீவெங்கும் பெயர்ந்தன. வேலைக்கு ஆங்கிலமே வழி எனப் பெற்றோரும் எண்ணினர். இரண்டும் சேர்ந்து பள்ளியை மெலிவித்தன. 1982இல் அது மூடப்பட்டபோது சிங்கப்பூரில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளி வேறொன்றும் எஞ்சவில்லை. பழியை வீடமைப்பின்மேல் மட்டும் சுமத்துதல் தகாது. ஆனால் பள்ளிவாசலுக்கு வரைபடத்தில் ஒரு மனையும், மாதம் ஐம்பது காசும் இருந்ததுபோல் தமிழ்ப் பள்ளிக்கு ஏதும் இருக்கவில்லை என்பதை நம்மால் எண்ணாதிருக்க இயலவில்லை.

இன்னொரு சாராரும் உள்ளனர். கழகத்தின் புது வீடு குடிமக்களுக்கே உரியது. நிரந்தரவாசிகளுக்கு மறுவிற்பனை வீட்டில் ஓரளவு உரிமை உண்டு. அவ்வீடுகளுக்குக் கம்பி கட்டிக் கலவை சுமக்கும் வேலை அனுமதிச் சீட்டுத் தொழிலாளர்க்கோ அவற்றை வாங்கும் உரிமை இல்லை. அவர்களுள் தமிழகத்தாரும் வங்காள தேசத்தாரும் மிகப் பலர். ஊரெல்லைகளில் அமைந்த விடுதிகளில் ஓர் அறைக்குப் பலராக அவர்கள் தங்குகின்றனர். 2020இல் பெருந்தொற்று அந்நாட்டில் பரவியபோது அவ்விடுதிகளே மிகக் கடுமையாகத் தாக்குண்டன. அதன் பின்னரே அறைக்கு இத்தனை பேர் என்னும் விதிகள் திருத்தப்பட்டன. நம் ஊரிலிருந்து செல்லும் இளைஞர்கள் கட்டும் மாடியின் கீழ்த்தளத்தில் அமர்ந்து பகலுணவு உண்பர். மேல்தளங்கள் அவர்களுக்கு உரியனவல்ல.

உமறுப் புலவரின் பெயர் அந்நாட்டில் மறைந்துவிடவில்லை. உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் என்னும் பெயரில் அது இன்றும் நிலவுகிறது. தம் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாத மாணவர்கள் தீவின் பல நகரங்களிலிருந்தும் பள்ளி நேரம் முடிந்தபின் பேருந்திலும் தொடர்வண்டியிலும் அங்கே வந்து தமிழ் கற்றுச் செல்கின்றனர்.